கால்நடை மருத்துவம் படித்துவிட்டு பால்பண்ணை விரிவாக்கப் பணிக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். மாடு வளர்ப்பவர்களிடமே போய்ச் சொல்லிக் கொடுக்கிற வேலைதான் விரிவாக்கம். ஆனால் "மருந்தக வேலை கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம்" என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் பி.வி.எஸ்சி. என்கிற கால்நடை மருத்துவப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருப்பீர்கள், வீட்டில் அரசு கால்நடை மருந்தக வேலைக்கான உதவி மருத்துவர் தேர்வு எழுதச் சொல்லி நெருக்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

வழி இதுதான்: ஐந்தரை வருடப் படிப்பு முடித்து, கால்நடை விரிவாக்கக் கல்வியில் எம்.வி.எஸ்சி. என்கிற மேற்படிப்பு. அப்புறம் வேளாண் அறிவியல் நிலையம், பல்கலைக்கழகப் பயிற்சி மையம், கூட்டுறவு ஒன்றியம், தனியார் நிறுவனம் என்று இடங்கள் உண்டு. தீவனக் கம்பெனிகளில் சில இந்தப் பெயரில் மூட்டை விற்கத்தான் ஆள் எடுக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் விற்பனை இலக்கு உண்டா என்று கேளுங்கள். அங்கே நேர்மையாக உழைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை.

நான் வேலை பார்த்தது எடப்பாடிப் பக்கம். ஒரு ஊரில் மாடுகளுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டுப் போட்டும் சினை நிற்கவில்லை என்று ஒரே புகார். உறைவிந்து சரியில்லை, ஊசி போடுபவர் சரியில்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பயிற்சிக் கூட்டம் போட்டால் வந்து கையெழுத்துப் போடுவது ஆண்கள். சாணி அள்ளுவது, தீனி போடுவது, கறப்பது எல்லாம் பெண்கள். அதனால் கூட்டத்தை விட்டுவிட்டு விடியற்காலையில் கட்டுத்தறிக்கே போய் உட்கார்ந்தேன். ஒரு அக்கா சொன்னார்: "முந்தாநாள் பொழுதோடவே கத்துச்சுங்க டாக்டரம்மா, கண்ணாடியாட்டம் வழும்பும் ஊத்துச்சு. அவரு தறியில இருந்து வந்துதான் போன் பண்ணோணும்னு இருந்தேனுங்க."

அவ்வளவுதான் விஷயம். கத்துவதும் வழும்பு ஊற்றுவதும் மாடு சினைக்குத் தயாராகிற பருவத்தின் அடையாளம். மாலையில் பருவத்துக்கு வந்தால் மறுநாள் காலையில் ஊசி போட வேண்டும். காலையில் வந்தால் அன்று மாலை. இவர்கள் வீட்டில் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூங்கி எழுந்து போன் செய்வதற்குள் பருவமே அடங்கிவிடும். ஒருமுறை தவறினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும், அதுவரை தீவனச் செலவு வீண். ஊசி போடுபவரின் எண்ணைப் பெண்கள் கையில் கொடுத்தோம், பருவத் தேதியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைக்கச் சொன்னோம். சில மாதங்களில் அந்த ஊரில் சினை நிற்க ஆரம்பித்தது. வேறு காரணமே இல்லை என்று சொல்லவில்லை. தாது உப்புக் கலவை கொடுக்காத மாடுகளும் இருந்தன, அதையும் சரி செய்தோம். ஆனால் மருந்தகத்திலேயே உட்கார்ந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது. அந்த ஊரை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான்.

சொல்ல வந்ததோடு இன்னொன்று. கலப்பினப் பசுவின் பால் விஷம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். நான் நாட்டு மாட்டுக்கு எதிரி இல்லை. காங்கேயம் உழவுக்கும் வண்டிக்கும் பேர் போன இனம், காப்பாற்றப்பட வேண்டியது. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசச் சொல்லிக் கொடுக்கிறவள்தான் நானும். தேசிய பால்வள வாரியமே அதைப் பரப்புகிறது. ஆனால் இரண்டு ஜெர்சிக் கலப்பு மாட்டை வைத்துப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற பெண்ணிடம் போய் "நீ விஷம் விற்கிறாய்" என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது? அதைக் கேட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எம்.வி.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கும் முன், பக்கத்துக் கிராமப் பால் சங்கத்துக்குக் கறவை நேரத்தில் தொடர்ந்து சில வாரம் போய்ப் பாருங்கள். செயலாளரிடம் சொல்லிவிட்டு, பால் ஊற்ற வருகிற பெண்களோடு அவர்கள் கொட்டகை வரைக்கும் நடங்கள். அது உங்களுக்குப் பிடித்துப் போனால் தயங்காமல் விரிவாக்கத்தையே எடுங்கள்.