ஆதாரம் வரும்வரை யோசிக்கக் கூடாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரபஞ்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு என்னவென்றே தெரியாது என்று விஞ்ஞானிகளே சொல்கிறார்கள். அப்படியிருக்க, வெகுதொலைவிலிருந்து வரும் ரேடியோ வெடிப்புகளை வேற்றுலகத்தார்தான் அனுப்புகிறார்கள் என்று ஒருவர் சொன்னால், ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்டு வாயடைக்கிறீர்கள். திறந்த மனம் வேண்டாமா?
ம., ஈரோடு

அன்புள்ள ம.,

2017இல் மனஸ்வி லிங்கம், அவி லோப் என்ற இருவர் நீங்கள் சொல்வதையேதான் ஆய்விதழில் எழுதினார்கள். வேற்றுலகத்தார் தங்கள் விண்கலங்களுக்கு ஒளிப்பாய் (கதிர் பட்டால் உந்தப்படும் பாய்) கட்டி, ரேடியோ கதிரால் தள்ளுகிறார்கள், அந்தக் கதிர் நம் பக்கம் திரும்பிக் கடக்கும் கணம்தான் நமக்கு வெடிப்பாகத் தெரிகிறது என்பது யோசனை. அதற்கு எவ்வளவு சூரிய ஆற்றல் தேவை என்று கணக்கும் போட்டார்கள். ஆய்விதழ் வெளியிட்டது. யாரும் அவர்கள் வாயை அடைக்கவில்லை.

இந்த வெடிப்புகளின் கதையே விசித்திரமானது. ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அது 2001இல் பதிவுசெய்த தரவைக் கிளறிப் பார்த்த வானியலாளர் லோரிமரின் குழு, சில மில்லிசெகண்டே நீடித்த ஒரு துடிப்பை 2007இல் அறிவித்தது. உயர் அதிர்வெண் முன்னால், தாழ் அதிர்வெண் பின்னால் என்று வந்திருந்தது. வழியிலுள்ள எலக்ட்ரான்கள் செய்யும் வேலை அது. எலக்ட்ரான்கள் கூடினால் தாமதமும் கூடும். இந்தத் தாமதம் நம் பால்வெளியின் எலக்ட்ரான்களால் மட்டும் வரக்கூடியதைவிட அதிகம்; எனவே வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

2010இல் சங்கடம் வந்தது. கிட்டத்தட்ட அதே சாயலில் வேறு சில துடிப்புகளும் பார்க்ஸ் தரவில் கிடைத்தன. ஆனால் அவை தொலைநோக்கியின் 13 கற்றைகளிலும், அதாவது வானின் வெவ்வேறு இடங்களைப் பார்க்கும் 13 ‘கண்’களிலும், ஒரே நேரத்தில் விழுந்தன. வானத்தில் ஒரு புள்ளியிலிருந்து வருவது அப்படி விழாது. போதாக்குறைக்கு, பெரும்பாலும் பகல் வேளையிலேயே வந்தன. ‘பெரிட்டான்’ என்று பெயர் வைத்தார்கள். லோரிமரின் துடிப்பும் இந்த வகைதானோ என்ற சந்தேகம் பலருக்கு.

2015 ஜனவரியில் புதிய கண்காணிப்புக் கருவி ஒன்று, பெரிட்டான் வரும்போதெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் ரேடியோ இரைச்சல் வருவதைக் காட்டிக்கொடுத்தது. மைக்ரோவேவ் அடுப்பின் அதிர்வெண் அது. எமிலி பெட்ராஃப் குழு அடுப்பில் தண்ணீரைச் சுடவைத்துப் பார்த்தது, ஒன்றும் வரவில்லை. நேரம் முடியும் முன்பே கதவைத் திறந்தார்கள். வந்தது பெரிட்டான்! தொலைநோக்கி அடுப்புக்கு ஏற்ற கோணத்தில் திரும்பியிருந்தால் போதும். பசி பொறுக்காத யாரோ சில நொடி முன்னால் கதவைத் திறந்ததுதான் விஷயம்.

இது அண்டவெளி வெடிப்புகளுக்குச் சாவுமணி அடிக்கவில்லை. பெரிட்டான்களைத் தனியே ஒதுக்க முடிந்ததால், மற்றவை உண்மை என்ற நம்பிக்கை கூடியது. 2020 ஏப்ரல் 28 அன்று நம் பால்வெளிக்குள்ளேயே இருக்கும் ஒரு மேக்னட்டாரிலிருந்து, அதாவது அசுரக் காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீனிலிருந்து, ஒரு வெடிப்பு வந்தது. கனடாவின் சைம் தொலைநோக்கி அதைப் பிடித்தது. கூடவே எக்ஸ் கதிர்களும் பதிவாகின. வேற்றுலகத்தாரை வைத்துச் சொன்ன விளக்கத்துக்கு இப்படியொரு சாட்சி இதுவரை இல்லை.

அந்தத் தொண்ணூற்றைந்து பற்றி: அந்த எண்ணே அளந்து வந்ததுதான். அதில் ஒரு பங்கான கரும்பொருள், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள், எதனால் ஆனது என்று தெரியாது. எவ்வளவு இருக்கிறது, விண்மீன் மண்டலங்களை எப்படி இழுக்கிறது என்பது தெரியும். தெரியாத இடம் என்பதற்காக யார் வேண்டுமானாலும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது.

யோசிக்க ஆசையிருந்தால் சைம் கண்டுபிடித்த இன்னொன்று இருக்கிறது. அந்த வெடிப்புமூலம் பதினாறு நாள் சுழற்சியில் இயங்குகிறது: நான்கைந்து நாள் வெடிக்கும், மற்ற நாட்களில் மௌனம். துணை விண்மீன் ஒன்றைச் சுற்றுவதால் என்கிறார்கள் சிலர். பம்பரம்போல அச்சு தள்ளாடுவதால் என்கிறார்கள் வேறு சிலர். உங்கள் யோசனை இரண்டிலும் சேராததாக இருந்தால் எழுதுங்கள். அது சரியென்றால் அடுத்த சுழற்சியில் தொலைநோக்கியில் என்ன தெரியவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், வெளியிடுகிறேன்.