கடலூர் முற்றுகையும் நம் கஞ்சித் தொட்டியும்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: ராயபுரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

ஐயா, அமெரிக்க சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை நம் கடலூரில் நடந்தது என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். அமெரிக்கா எங்கே, கடலூர் எங்கே? யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி, தம்பி. அந்தப் போரின் கடைசிப் பெரிய கடற்சண்டையும் கடைசி முற்றுகையும் 1783 ஜூனில் கடலூரில்தான் நடந்தன.

1778-ல் அமெரிக்கர்களோடு பிரான்ஸ் கைகோத்தது. அந்தச் சேதி இங்கே வந்ததும் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, புதுச்சேரியை வளைத்தது. அக்டோபரில் ஊர் விழுந்தது. 1780-ல் மைசூரின் ஹைதர் அலி கும்பினிக்கு எதிராக ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். 1782 ஏப்ரலில் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் சேர்ந்து கடலூரைப் பிடித்தன. அதை மீட்கத்தான் அடுத்த வருடம் கும்பினி படை அனுப்பியது.

வகுப்பில் இந்தப் பாடம் வந்தால் நான் முதலில் கரும்பலகையில் எழுதும் தேதி 1781 மார்ச் 22. அன்று பிரான்சின் பிரெஸ்ட் துறையிலிருந்து இரண்டு தளபதிகளின் கப்பல்கள் ஒன்றாகக் கிளம்பின. சில நாள் கூடவே வந்து நடுக்கடலில் பிரிந்தன. த கிராஸ் மேற்கே, அமெரிக்கப் பக்கம் போனார். செப்டம்பரில் செசபீக் வளைகுடாவில் ஆங்கிலேயக் கப்பல்களை விரட்டினார். யார்க்டவுன் துறையில் அரண் கட்டி உட்கார்ந்திருந்த ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸுக்குக் கடல்வழி அடைபட்டது. கரைப்பக்கம் வாஷிங்டனும் பிரெஞ்சுப் படையும் சூழ்ந்திருந்தார்கள். அக்டோபர் 19-ல் கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. இன்னொரு தளபதி சுஃப்ரன். அவர் வந்தது நம் கரைக்கு.

கடலூரை மீட்கப் போனவர் ஜெனரல் ஸ்டூவர்ட். முந்தைய சண்டை ஒன்றில் ஒரு காலைப் பறிகொடுத்தவர். 1783 ஏப்ரல் 21-ல் மெட்ராஸிலிருந்து கிளம்பிய படை ஜூன் 7-ல்தான் கடலூரை எட்டியது. இன்று பேருந்தில் அரை நாள்கூட ஆகாத தூரத்துக்கு ஒன்றரை மாதம்! உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இருந்தார். ஜூன் 13-ல் ஸ்டூவர்ட் வெளி அரண்களைத் தாக்கினார். அரண்கள் கிடைத்தன. அந்த ஒரே நாளில் கும்பினிப் பக்கம் விழுந்தவர்கள், காயம்பட்டவர்களையும் சேர்த்து, சுமார் ஆயிரம் பேர்.

அதற்குப்பின் எல்லாமே கடலைப் பொறுத்ததாகிவிட்டது. ஸ்டூவர்ட்டின் படைக்குச் சோறும் வெடிமருந்தும் கப்பலில்தான் வரவேண்டும். ஆங்கிலேயத் தளபதி ஹியூஸிடம் 18 போர்க்கப்பல்கள். சுஃப்ரனிடம் 15. ஆனால் ஹியூஸின் மாலுமிகள் ஸ்கர்வி நோயில் சுருண்டு கிடந்தார்கள், குடிநீரும் தட்டுப்பாடு. சுஃப்ரன் கடலூருக்கு எதிரே வந்து நங்கூரமிட்டு, புஸ்ஸியிடமிருந்து 1,200 பேரை வாங்கித் தன் கப்பல்களில் ஏற்றிக்கொண்டார். ஜூன் 20 மாலை சண்டை. இரண்டு பக்கமும் சுமார் நூறு நூறு பேர் செத்தார்கள். ஒரு கப்பலும் மூழ்கவில்லை. ஆனால் ஹியூஸ் மெட்ராஸுக்குத் திரும்பிவிட்டார். முற்றுகை போட்ட ஸ்டூவர்ட்டின் படையே இப்போது முற்றுகையில் சிக்கியதுபோல் ஆனது. யார்க்டவுனில் நடந்தது இங்கேயும் நடந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

ஜூன் 25-ல் பிரெஞ்சுக்காரர்கள் வெளியே பாய்ந்தார்கள். வங்காளத்திலிருந்து இவ்வளவு தூரம் நடந்தே வந்த சிப்பாய்களும் சேர்ந்து துப்பாக்கிக் கத்தியால் அவர்களைத் தடுத்தார்கள். ஜூன் 29-ல் வெள்ளைக்கொடியோடு மெட்ராஸிலிருந்து ஒரு கப்பல் வந்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்றது. எப்போது ஆனது? ஜனவரி 20-ல்! ஐந்து மாதத்துக்கு முன்பே சண்டை முடிந்துபோயிருந்தது, தம்பி. சேதி கப்பலில் வர அவ்வளவு நாள் ஆயிற்று. ஜூன் மாதம் கடலூர் மணலில் புதைந்த அத்தனை பேரும் முடிந்துபோன போருக்காகச் செத்தவர்கள். நாற்பது வருடமாக இதைச் சொல்லிக்கொடுத்தும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கடலூர் கடைசியில் ஆங்கிலேயருக்கு, புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கு என்று காகிதத்தில் பங்கு பிரிந்தது.

தேவனாம்பட்டினத்தில் பார்த்த இடிந்த கோட்டைதான் அப்போது முற்றுகையிடப்பட்டதா?
– வாசகர், திருவொற்றியூர்

இல்லை. அது புனித டேவிட் கோட்டை. 1758-லேயே லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி அதைப் பிடித்து இடித்துவிட்டார். 1783-ல் வளைக்கப்பட்டது கடலூர் நகரமும் அதன் அரண்களும். கும்பினி அந்தக் கோட்டையை 1690-ல் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் தனக்கு என்று எழுதி வாங்கியது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் அதைச் சொல்கிறது.

எங்கள் ஆயா ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்லும். ஏன் அந்தப் பெயர்?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

அம்மா, முதல் கேள்வியும் உங்கள் கேள்வியும் ஒரே வாரத்தில் வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். இரண்டுக்கும் பதில் ஒரே போரில் இருக்கிறது.

ஹைதரின் குதிரைப்படை வந்தபோது கிராமத்து ஜனங்கள் ஆடுமாடு, சட்டிப்பானையோடு மெட்ராஸுக்கு ஓடிவந்தார்கள். முன்பு 1769-ல் ஹைதர் நகரத்து வாசல் வரை வந்து போன பயத்தில், நம் ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் கும்பினி மதில் எழுப்பியிருந்தது. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் அந்த மதிலுக்காகப் போட நினைத்த வரியின் மிச்சம். மதிலுக்குள் உயிர் பிழைக்கலாம், ஆனால் சோறு? சுற்றுவட்டார வயல்கள் பாழ். அரிசி கடல்வழிதான் வரவேண்டும். கடலிலோ சுஃப்ரன்.

அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நிற்கும். மசுலாப் படகுக்காரர்கள்தான் அலையைத் தாண்டி மூட்டைகளைக் கரைசேர்ப்பார்கள். 1782 அக்டோபர் நடுவில் அடித்த புயலில், மெட்ராஸ் கரைக்கு எதிரே நின்ற தானியக் கப்பல்கள் பல உடைந்து போயின. எங்க நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கீழே சிந்திய அரிசியைப் பொறுக்காமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். பசித்த ஜனம் கரையில் நின்று அந்தக் கப்பல்கள் உடைவதைப் பார்த்திருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் நைனாவின் கைதான் கண்முன் வரும்.

அந்த 1782-ல்தான் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற மணியக்காரர் சத்திரம் தொடங்கியது. 1799-ல் அங்கே ஆஸ்பத்திரி வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி. ஆங்கிலேய கவர்னர் பெயரைப் பலகையில் எழுதினார்கள். நம் ஆயாக்கள் கஞ்சியின் பெயரை விடவில்லை.

உங்கள் ஆயா இருந்தால் ஒருமுறை பழைய ஜெயில் ரோடு பக்கம் அழைத்துப் போங்கள். மதிலின் ஒரு துண்டு மாடிப் பூங்காவாக அங்கே நிற்கிறது. அங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம்தான்.