பதினாறு மிக்குகளும் ஒரு போல்ட்டும்

வணக்கம் ஐயா,

கோவை கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மகன் எட்டாவது படிக்கிறான். கொரியப் போரில் 16 விமானங்களை வீழ்த்திய ஜோசப் மெக்கானல் என்ற அமெரிக்க விமானியின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நானும் அப்படி ஆவேன் என்கிறான். நம் நாட்டில் ஜெட் விமானத்தில் அப்படி வீழ்த்தியவர் யாருங்க? அமராவதி நகர் சைனிக் பள்ளியில் சேர்க்கலாமா? எங்கள் குடும்பத்தில் அந்தப் பக்கம் போனவர்கள் யாருமில்லை. கிரீசும் இரும்புத்தூளுமாக நிற்கிற அப்பனைப் பார்த்து அவன் என்ன கற்றுக்கொள்ளப் போகிறான் என்று வருத்தமாக இருக்கிறது.

ஒரு வாசகர், கணபதி

அன்புள்ள நண்பருக்கு,

சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நுழைவுத் தேர்வு வைத்துத்தான் எடுக்கிறார்கள். பையன் எட்டாவது என்றால் காலம் அதிகமில்லை. உடுமலைப் பக்கம்தானே, நேரில் போய் விசாரித்துவிடுங்கள்.

ஐந்து விமானங்களை வீழ்த்தினால் ஏஸ் என்பார்கள். முதல் உலகப் போரில் நம்மவர் இந்திரலால் ராய் பத்து வீழ்த்தினார். 1918-இல், பத்தொன்பது வயதில் இறந்தும் போனார். ஜெட் காலத்தில் நமக்கு அப்படி யாரும் இல்லை. 1971 போரே 13 நாளில் முடிந்தது, ஐந்து எண்ண நேரம் ஏது? எண்ணிக்கையை விட்டுவிட்டு நிர்மல்ஜித் சிங் செகோனைப் பையனுக்குச் சொல்லுங்கள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் ஓடுதளத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே தன் நாட் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போய், பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களோடு சண்டை போட்டவர். திரும்பி வரவில்லை. விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவருடைய 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020-இல் தேஜஸ் விமானங்களோடு மறுபடி தொடங்கப்பட்டது எங்கே தெரியுமா? உங்கள் பட்டறையிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சூலூரில்.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். படித்ததும் கோபம்தான் வந்தது.

என் மாமா ஒருவர் அதே சூலூரில், விமானப்படையின் பழுதுபார்ப்புப் பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். போன மாதம்தான் தவறினார். அன்றிலிருந்து அவர் விரல்களையே நினைத்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் சைக்கிள்களை அவர்தான் பார்ப்பார். நட்டை முடுக்கி, அது கழலாமலிருக்க ஸ்பிலிட் பின்னைச் சொருகி, அதன் இரண்டு காலையும் மடக்கிவிட்டு, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு விரல் நுனியால் ஒரு சுற்று தடவுவார். நான் ஏதாவது முடுக்கிவிட்டு "பாத்துட்டேன் மாமா" என்றால், "பாத்தது இருக்கட்டும் கண்ணு, தொட்டுப் பாத்தயா?" என்பார். விமானத்தில் வேலை முடிந்ததும் ஸ்பேனர்களை எண்ணிப் பலகையில் அதனதன் இடத்தில் மாட்டுவார்களாம். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும் வரை விமானம் நகராது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு மாமா வரமாட்டார். அத்தை கேட்கவும் மாட்டார்.

இப்போது உங்கள் மகனின் மெக்கானலுக்கு வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் அவருக்கு விமானி வேலை கிடைக்கவில்லை; குண்டுவீச்சு விமானத்தில் வழிகாட்டியாக உட்கார வைத்தார்கள். விமானி ஆனது 1948-இல். 1953 ஜனவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் சோவியத் தயாரிப்பான மிக்-15 போர் விமானங்கள் 16-ஐ வீழ்த்தினார். நடுவில் ஏப்ரலில் அவரையே சுட்டுவிட்டார்கள். மஞ்சள் கடலில் குதித்தார், ஹெலிகாப்டர் வந்து தூக்கியது. அது வந்திராவிட்டால் கணக்கு பாதியிலேயே நின்றிருக்கும். அதை ஓட்டியவர் பெயர் உங்கள் மகனுக்குத் தெரியுமா?

மெக்கானல் இறந்தது போரிலா? இல்லை. போர் முடிந்து ஒரு வருடம் கழித்து, 1954 ஆகஸ்டில், கலிபோர்னியாவில் புது சேபர் ஒன்றைச் சோதனைக்கு ஓட்டும்போது. ஒரு போல்ட் இல்லாமல் போனதுதான் காரணம் என்றார்கள். வயது 32. பதினாறு எதிரி விமானங்களால் ஆகாததை ஒரு போல்ட் செய்துவிட்டது. வீடியோக்களில் பதினாறைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், போல்ட்டைப் பற்றி ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்கள். எங்கேயோ ஒருவர் அதைப் போடாமல் விட்டிருக்கிறார், அல்லது போட்டுவிட்டுத் தொட்டுப் பார்க்காமல் போயிருக்கிறார். உலகத்தில் எந்த ஏஸாக இருந்தாலும், ஏணியில் ஏறி உட்காரும்போது முகம் தெரியாத ஒருவருடைய கையை நம்பித்தான் உட்காருகிறார்.

அப்படிப்பட்ட கை உங்களுடையது. அதை வைத்துக்கொண்டு என்னிடம் வருத்தப்படுகிறீர்களே, உங்களுக்கே நியாயமாகப் படுகிறதா? பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறவர் நூலளவு போனால் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கடைகிறாரே, அதைப் பையன் எங்கே போய்ப் படிப்பான்? மதிப்பெண் பட்டியலிலா? அவன் முன்னால் ஒருநாளும் உங்கள் வேலையைத் தாழ்த்திப் பேசாதீர்கள். பேசினால் நாளைக்குத் தன் விமானத்துக்கு முடுக்குகிறவரையும் அவன் அப்படித்தான் பார்ப்பான்.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்து, கடைந்து வைத்திருக்கும் பத்து துண்டுகளில் எது தேறாது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டு ஒன்றை விட்டுவிட்டால் திட்டாதீர்கள், திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.