இருமினால் சிறுநீர் கசிகிறதா? ஒப்பரேஷன் பற்றி மலையகப் பெண்களின் கேள்விகள்

கொழுந்து மூட்டையைத் தூக்கினாலும் இருமினாலும் நனைந்துவிடுகிறது, டொக்டர். மூன்று பிள்ளைகள். ஒப்பரேஷன்தான் வழியா? (பொகவந்தலாவை)

உடனே வேண்டாம் அம்மா. பிரசவத்தில் தளர்ந்த இடுப்படித் தசைகளை முதலில் பலப்படுத்திப் பார்ப்போம். சிறுநீரை அடக்குவதுபோல இறுக்கி, மெதுவாக விடுங்கள். ஒரு தடவைக்கு 8, ஒரு நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். மூச்சைப் பிடிக்கக் கூடாது. கொழுந்து எடுத்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. பலருக்கு இதுவே போதும். நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் இருந்தால் அதற்கும் மருந்து எடுங்கள்.

இன்னொன்று: மலையில் கழிப்பறை இல்லையென்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கசிவு நிற்காது, சிறுநீர்த் தொற்றுதான் வரும். வேலைத்தலத்தில் கழிப்பறை கேட்பது உங்கள் உரிமை.

நாடா வைத்துத் தாங்கவைக்கும் ஒப்பரேஷன் ஆபத்தா? (ஹட்டன்)

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக் இழையால் பின்னிய நாடாவைச் சிறுநீர்ப் பாதையின் கீழே வைப்பார்கள். சின்ன வெட்டுத்தான், சீக்கிரம் வீடு திரும்பலாம். பெரும்பாலானோருக்குக் கசிவு நிற்கும். ஆனால் சிலருக்கு நாடா யோனிச் சுவரை அரித்து வெளியே வரும், தீராத வலியும் வரும். முழுமையாக அகற்றுவது கடினம். இத்தகைய முறைப்பாடுகளால்தான் இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இதை நிறுத்திவைத்தார்கள்.

பிளாஸ்டிக் வேண்டாமென்றால் இரண்டு வழி உண்டு. உங்கள் வயிற்றுச் சுவரிலிருந்தே ஒரு துண்டுச் சவ்வை எடுத்து நாடாவாக வைக்கலாம். இல்லையேல் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியைத் தையலால் உயர்த்திக் கட்டலாம். இரண்டிலும் காயம் பெரிது, ஆற நாளாகும். பின்னையதில் பிற்காலத்தில் யோனிச் சுவர் இறங்கும் வாய்ப்பும் உண்டு. எந்த முறையிலும் சிலருக்குச் சிறுநீர் கழிக்கச் சிரமம், திடீர் அவசரம் வரலாம். சிறுநீர்ப் பாதையைச் சுற்றிப் போடும் ஊசி எளிது, ஆனால் பலன் குறையலாம், திரும்பவும் போட வேண்டிவரும்.

எந்த வகை நாடா, பிறகு சிக்கல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்காதீர்கள்.

இன்னொரு பிள்ளை வேண்டும். (பதுளை)

அப்படியென்றால் பொறுங்கள். அடுத்த கர்ப்பமும் பிரசவமும் ஒப்பரேஷனின் பலனைக் கெடுக்கலாம். அதுவரை பயிற்சிதான்.

எப்போது வேலைக்குப் போகலாம்? (தலவாக்கலை)

நாடா என்றால் 4 முதல் 6 வாரம் பாரம் தூக்கக் கூடாது. பெரிய வெட்டு என்றால் இன்னும் அதிகம். மருத்துவச் சான்றிதழில் “ஓய்வு” என்று மட்டும் இருந்தால் போதாது. வேலைக்குத் திரும்பியதும் மூட்டையைத் தூக்கச் சொல்வார்கள். “பாரம் தூக்கக் கூடாது” என்று திகதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

எனக்கு இருமாமலே, அவசரமாக வந்து, ஓடுவதற்குள் போய்விடுகிறது. (நானுஓயா)

இது வேறு வகை. மேலே சொன்ன ஒப்பரேஷன் இதற்கு உதவாது. சிறுநீர்ப்பைப் பயிற்சியும் மாத்திரையும்தான். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் மிட்வைஃப்பிடம் சொன்னால் நுவரெலியா பெரியாஸ்பத்திரிப் பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கலாம், செலவில்லை. சிறுநீரில் இரத்தம் கண்டால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் போங்கள்.