அப்பா பினாங்கில் காலமாகிவிட்டார். காரைக்குடிப் பக்கம் உள்ள வீட்டுப் பங்கை விற்கச் சித்தப்பாவுக்கு அவர் கொடுத்த பவர் பத்திரம் இப்போது செல்லுமா? உயில் எதுவும் இல்லை.

செல்லாது. தயவுசெய்து அதை வைத்து அட்வான்ஸ்கூட வாங்க விடாதீர்கள். கொடுத்தவர் இறந்த அன்றே பவரும் முடிந்துபோகும். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பவர் வாங்கியவருக்கே அந்தப் பங்கில் பாத்தியதை இருந்தால் மட்டும் கணக்கு வேறு.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐயா (தாத்தா) செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த பங்கை விற்க, வெளிநாட்டில் இருந்த பெரியப்பா எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) பவர் கொடுத்திருந்தார். பெரியப்பா தவறிய பிறகு, விவரம் தெரியாமல் பத்திர ஆபீசுக்குப் போனோம். கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கு டாக்டர் சான்று கேட்டார்கள். அப்பச்சி பேசாமல் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

உயில் இல்லாததால் பெரியம்மா, மூன்று பிள்ளைகள், அப்பத்தா என ஐந்து சம பங்கு. இறந்தவரின் தாயும் முதல் வரிசை வாரிசு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கையெழுத்துப் போடும் முன்பே அப்பத்தாவும் போய்விட்டார். அந்த ஐந்தில் ஒரு பங்கு மறுபடி நாலாக உடைந்து, பெரியப்பா பிள்ளைகளுக்கு ஒன்றும் அப்பச்சிக்கு ஒன்றும் போக, இரண்டு அத்தைமாரும் உள்ளே வந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. ஆனாலும் ஆறு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் மழைத்தண்ணீர் இறங்கி இரண்டாம் கட்டுத் தேக்கு உத்தரம் இத்துப்போனது.

அதனால் முதலில் வாரிசுச் சான்று வாங்குங்கள். அப்பாவைப் பெற்ற அப்பத்தா இருந்தால் அவர் பெயரும் அதில் வர வேண்டும். பூர்வீகச் சொத்து என்றால் பங்குக் கணக்கு மாறும், வக்கீலிடம் காட்டுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பின் கல்யாணமான பெண்மக்களுக்கும் பிறப்புரிமை உண்டு. வெளிநாட்டில் இருக்கும் வாரிசுகள் சித்தப்பாவுக்குப் புதிதாகப் பவர் எழுதி, இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பலாம். பத்திரம் இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

அப்படியே உங்கள் ஆத்தாவையும் (அம்மாவையும்) ஓர் உயில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, செய்துவிட்டால் நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுகிறவரோ அவர் கணவன், மனைவியோ சாட்சி போடாமல் இருப்பது நல்லது. வயதில் இளையவர்களாகப் பாருங்கள், நாளைக்கு வழக்கு என்று வந்தால் சாட்சியைத்தான் கூப்பிடுவார்கள். 'வீட்டை' என்று எழுத வேண்டாம். பத்துப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பாத்தியப்பட்ட வீட்டில் தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும். ஒவ்வொரு வெள்ளிக் கிண்ணத்திலும் விலாசம் (பெயரின் தலைப்பெழுத்துகள்) வெட்டி வைக்கிறோம், அறை யாருடையது என்பதை மட்டும் வாய்ப்பேச்சாக விட்டுவிடுகிறோம்.

அந்த ஆறு வருஷத்துக்குப் பிறகு அப்பச்சி தன் உயிலை எழுதினார். 'வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) கீழ்ப்பக்கம் இரண்டாவது அறையும், அதற்கு மேலுள்ள மாடி அறையும், முகப்பிலும் கிணற்றிலும் பொதுப் பாத்தியதையும்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அறைச் சாவியையும் அதே கவரில் போட்டு வைத்திருக்கிறார்.