நான்கு பேர், நாளுக்கு 80 வெள்ளி: சிங்கப்பூரில் சாப்பாட்டுக்குப் போதுமா?

கேள்வி: அடுத்த மாதம் நான், கணவர், பத்து வயது மகன், மாமியார் என நான்கு பேர் ஐந்து நாள் சிங்கப்பூர் வருகிறோம். சிராங்கூன் சாலைப் பக்கம் தங்குகிறோம். சாப்பாட்டுக்கு நாளுக்கு 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்கியிருக்கிறோம். மாமியார் சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். நாங்கள் மூவரும் எதுவானாலும் சாப்பிடுவோம். போய்வந்தவர்களோ, "ஒரு வேளைக்கே நூறு வெள்ளி போய்விடும்" என்கிறார்கள். 80 போதுமா? — வாசகி, திருச்சி

பதில்: போதும். நூறு என்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை, அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அப்படி. ஒரு தட்டு சிக்கன் ரைஸ் உணவங்காடி நிலையத்தில் (ஹாக்கர் சென்டர்) நான்கைந்து வெள்ளிக்குக் கிடைக்கும். பேரங்காடியின் ஃபுட் கோர்ட்டில் அதுவே ஏழெட்டு ஆகும். நட்சத்திர ஓட்டலில் இருபதைத் தாண்டிவிடும். ருசி அந்த அளவுக்குக் கூடுவதில்லை என்பது என் கருத்து. அதனால் எதைச் சாப்பிடுவது என்பதைவிட எங்கே உட்காருவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

உங்கள் முதல் தேர்வு உணவங்காடி நிலையம்தான். தெருவோரம் தள்ளுவண்டி வைத்திருந்தவர்களை 1970களிலும் 80களிலும் அரசு கூரைக்குக் கீழே கொண்டுவந்து உட்காரவைத்த இடங்கள் இவை. இந்த உணவங்காடிக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. நாடு முழுக்க நூற்றுக்கு மேல் உண்டு. அடுத்தது வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்குகளின் கீழே இருக்கும் காப்பிக்கடை. இரண்டிலும் பலகையில் போட்டிருக்கும் விலையைக் கொடுத்தால் போதும்.

உணவகத்தில் கதை வேறு. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இன்னொன்று 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வரியைச் சேவைக் கட்டணத்தின் மேலும் போடுவார்கள். 20 வெள்ளி என்று அச்சிட்ட சாப்பாடு முதலில் 22 ஆகி, வரியோடு 23.98இல் வந்து நிற்கும். போதாக்குறைக்கு, சில இடங்களில் கேட்காமலே மேசைக்கு வரும் வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் இங்கே இல்லை.

உணவங்காடியிலும் ஏமாற வாய்ப்புள்ள இடம் ஒன்று உண்டு: விலை போடாத பண்டம். சோற்றோடு விரலைக் காட்டிக் காட்டிக் கறி வாங்கும் கடைகளில், சீனர் கடையானாலும் மலாய்க்காரர் கடையானாலும், இரண்டு காய் ஒரு கோழி என்றால் ஐந்து வெள்ளிக்குள் முடியலாம். மீன் துண்டையோ இறாலையோ காட்டினால் தொகை தாவும். கரண்டி தூக்கும் முன்பே "ஹவ் மச்?" என்று கேட்டுவிடுங்கள். கடலுணவுக் கடையில் இன்னும் கவனம் வேண்டும். நண்டுக்கும் பெரிய இறாலுக்கும் எடைக்கணக்கில்தான் விலை. 2009இல் நியூட்டன் உணவங்காடியில் எட்டு இறாலுக்கு 239 வெள்ளி வாங்கிய ஒரு கடையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டுக்கொண்டு ஆர்டர் சொல்லுங்கள்.

காசு சத்தமில்லாமல் கரைவது பானத்தில். வெயிலுக்கு ஆளுக்கொரு ஐஸ் பானம், ஒவ்வொன்றும் இரண்டு வெள்ளி, நாளுக்கு மூன்று முறை என்று வையுங்கள். நான்கு பேருக்கு 24 வெள்ளி, அதாவது உங்கள் ஒதுக்கீட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! குழாய்த் தண்ணீரை இங்கே அப்படியே குடிக்கலாம். ஆளுக்கொரு பாட்டிலை அறையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காப்பியை விட முடியாது என்றால் சூடாகக் குடியுங்கள், ஐஸ் போட்டால் விலை கூடும். சும்மா "கோப்பி" என்றால் கட்டிப்பால் ஊற்றித் தித்திப்பாக வரும். "கோப்பி சி" என்றால் வேறு பால், தித்திப்புக் கொஞ்சம் குறைவு. "கோசோங்" சேர்த்துச் சொன்னால் சர்க்கரை போட மாட்டார்கள்.

இனி மாமியார். நீங்கள் தங்கும் பக்கத்தில் கவலையே இல்லை. தேக்கா உணவங்காடி நிலையத்தின் கீழ்த்தளத்தில் தோசை, இட்லி கிடைக்கும். சிராங்கூன் சாலையில் 1947இலிருந்து நடக்கும் கோமள விலாஸ் முழுச் சைவம். வெளியே சுற்றும்போதுதான் யோசிக்க வேண்டும். பல உணவங்காடிகளில் "வெஜிட்டேரியன்" என்று பலகை வைத்த சீனர் கடை ஒன்றாவது இருக்கும். பௌத்த முறைச் சமையல் என்பதால் பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். காலையில் மூன்று நான்கு வெள்ளிக்கு வறுத்த மீஹூன் (அரிசிச் சேமியா) நிறைவான சாப்பாடு. வாத்துக்கறி போலவே ஒன்று தட்டில் கிடந்தால் மிரள வேண்டாம், சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தது. ஆனால் முட்டை சேர்க்கும் கடைகள் உண்டு, "நோ எக்" என்று தனியாகச் சொல்லுங்கள்.

மற்ற கடைகளில் "நோ மீட்" என்று சொன்னால் மட்டும் போதாது. கீரை வதக்கலில் பெலாச்சான், அதாவது இறால் விழுது இருக்கும். இல்லாவிட்டால் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். நூடுல்ஸ் சூப் எலும்பில் கொதித்தது. சம்பல் என்ற மிளகாய் விழுதில் நெத்திலி இருக்கலாம். புரோட்டாக் கடையில் மீன் குழம்பு வேண்டாம், பருப்பு வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் முட்டைப் புரோட்டா போட்ட அதே கல்லில்தான் சாதாப் புரோட்டாவும் வேகும். அதுவரை பார்ப்பவர் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

இடங்கள்: சைனாடவுன் பக்கம் போனால் மேக்ஸ்வெல் உணவங்காடி, இல்லையென்றால் இருநூறு கடைகளுக்கு மேல் உள்ள சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். ஆர்ச்சர்ட் சாலையில் உணவங்காடி கிடையாது, பேரங்காடிகளின் அடித்தள ஃபுட் கோர்ட்தான் கதி. செந்தோசா தீவுக்குள் பசியோடு நுழையாதீர்கள். ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்கு எதிரே சியா இம் உணவங்காடி இருக்கிறது, அங்கே முடித்துவிட்டுப் போங்கள். விலங்குத் தோட்டத்துக்குப் போகும் நாளில் தேக்காவில் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம், டப்பாவுக்குச் சில காசு கூடுதலாகக் கேட்பார்கள். அதை எம்ஆர்டிக்குள் மட்டும் பிரிக்காதீர்கள், தண்ணீர் குடித்தால்கூட அபராதம் உண்டு.

சரி, கணக்கு. காலைச் சாப்பாடு ஆளுக்கு நான்கு வெள்ளி, மதியமும் இரவும் ஆளுக்கு ஆறு ஆறு என்றால் நான்கு பேருக்கு 64. மீதி 16இல் காப்பியும் மகனுக்கு ஐஸ்கிரீமும் அடங்கும். ஒரு வேளையாவது உணவகத்தில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட ஆசை என்றால், அதற்கு முன்பின் இரண்டு நாளும் பத்துப் பத்து வெள்ளி மிச்சம் பிடியுங்கள்.

பல கடைகளில் கியூஆர் குறியீட்டில் பணம் வாங்குகிறார்கள், ஆனால் உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்குப் பல இடங்களில் அது உதவாது. இரண்டு, ஐந்து, பத்து வெள்ளித் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் டிஷ்யூ பாக்கெட்டோ குடையோ இருந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம், நகர்த்தாதீர்கள். சாப்பிட்டதும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு உண்டு, பலகையைப் பார்த்து வையுங்கள். திங்கட்கிழமை பல கடைகள் விடுமுறை. அப்புறம், சுத்தம் செய்வதற்காக முழு நிலையத்தையே சில நாள் மூடுவார்கள். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் (NEA) இணையத்தளத்தில் அந்தத் தேதிகள் இருக்கும், கிளம்பும் முன் தேக்காவுக்கு மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.