உழவைக் குறைக்கப் போறேன், எந்தக் கருவி வாங்கலாம்?

கேள்வி: இத்தனை வருஷமா சட்டிக் கலப்பை ஒரு சால், கொத்துக் கலப்பை ரெண்டு சால், கடைசியா ரோட்டவேட்டர்னுதான் ஓட்டிட்டு இருக்கேன். மக்காச்சோளமும் உளுந்தும் மாத்தி மாத்தி போடுறேன், டிராக்டர் 45 ஹெச்.பி. இனி உழவைக் குறைக்கலாம்னு முடிவு. உளிக் கலப்பை வாங்குறதா, உழாம விதைக்கிற மெஷின் வாங்குறதா, இல்ல ரோட்டவேட்டரையே மேலாப்புல ஓட்டினா போதுமா?

பதில்: கடைசில கேட்டதுக்கு மொதல்ல சொல்லிடுறேன், போதாது சார். ரோட்டவேட்டர் 4 இன்ச்தான் இறங்குனாலும் மண்ணை மாவா அடிச்சு, தட்டை சருகையெல்லாம் உள்ள கலந்து விட்டுடும், மேல மூடாக்கே நிக்காது, போதாததுக்கு ஒரே ஆழத்துல வருஷக்கணக்கா பிளேடு சுத்தி அதுக்குக் கீழ மண்ணு கெட்டிப்பட்டும் போயிடும். விதைச்சு முடிச்ச பிறகும் நிலத்துல குறைஞ்சது 30 சதவீதம் சருகு மூடியிருந்தாதான் அது பாதுகாப்பு உழவு, அதாவது சருகை மேலயே விட்டு மண்ணைக் காக்குற உழவுக் கணக்குல வரும். பார்க்குறது ஈஸி: கயித்துல சம இடைவெளியில 100 முடிச்சு போட்டு பயிர் வரிசைக்குக் குறுக்கா சாய்வா இழுத்துப் பிடிங்க, எத்தனை முடிச்சு சருகு மேல விழுதோ அத்தனை சதவீதம்.

உளிக் கலப்பை அடியில இறுகிப்போன மண்ணை உடைக்கத்தான், எல்லாருக்கும் தேவைப்படாது. மொதல்ல ரெண்டு மூணு இடத்துல ஒன்றரை அடிக்குக் குழி எடுத்து, பக்கச் சுவரைக் கத்தி முனையால மேலிருந்து கீழ குத்திட்டே வாங்க. ஒரு இடத்துல கத்தி சட்டுனு இறங்காம நின்னு, வேரும் அங்கயே பக்கவாட்டுல மடங்கி ஓடுனா கெட்டிப் படை இருக்குன்னு அர்த்தம், அதுக்கு ஒன்னு ரெண்டு இன்ச் கீழ வரைக்கும் உளி போனா போதும். மண்ணு காஞ்சிருக்கணும், ஈரத்துல ஓட்டினா படை உடையாம உளி போன தடம் மட்டும்தான் அறுபடும். வருஷா வருஷம் வேணுங்கிற கருவி இல்ல, வாடகைக்கே எடுங்க.

காசு போடுறதா இருந்தா உழாம விதைக்கிற மெஷின்லதான் போடணும். கொத்து முனை வச்ச மாடல் கெட்டி மண்ணுலயும் இறங்கும், ஆனா அறுவடைல உதிர்ந்த தட்டை கிடந்தா வாரிச் சேர்த்து அடைச்சுக்கும், நாலடிக்கு ஒருதரம் இறங்கி நீங்கதான் பிடுங்கிப் போடணும். வட்டத் தகடு வச்ச டிஸ்க் மாடல் தட்டையை வெட்டிட்டே போகும், அதுக்கு வெயிட் வேணும், தட்டை பனியில நமத்துப் போயிருந்தா வெட்டாம விதைச் சாலுக்குள்ளயே மடிச்சுத் திணிச்சுடும், விதை மண்ணைத் தொடாது, முளைப்பும் வராது. அதனால வெயில் ஏறி தட்டை காஞ்ச பிறகு விதைங்க. மக்காச்சோளத் தட்டைக்கு நான் டிஸ்க்தான் சொல்வேன், வரிசைக்கு முன்னாடி சருகை ஒதுக்குற சக்கரம் இருந்தா இன்னும் நல்லது. உங்க ஹெச்.பி-க்கு வரிசை கம்மியா உள்ளதா பாருங்க, ஹைட்ராலிக் எவ்வளவு எடை தூக்கும்னு புக்ல பார்த்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

கொத்துக் கலப்பையை இப்பவே வித்துடாதீங்க, மழையில அறுத்து டயர் தடம் ஆழமா விழுந்துட்டா அந்த இடத்தை மட்டும் நிரவ அதுதான் வேணும்.